அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வலி மாத்திரைகளோடு பிடிபட்ட சில இளைஞர்களைப் பற்றிய செய்தி உங்கள் நாளிதழில் வந்திருந்தது. பெரிய எழுத்தில் ‘போதை மாத்திரை’ என்று தலைப்பு. எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். அங்கே இருந்த இன்னொருவர் என் கணவரைக் காட்டி, “இவனும் மாத்திரைக்காரன்தானே” என்றிருக்கிறார். அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரவு சாப்பிடும்போது, “நாளைக்கு முதல் நான் அதப் போடல” என்றார். விடிய விடியப் பேசித்தான் காலையில் அவரை அதை எடுக்க வைத்தேன். செய்தியில் தவறு இல்லை. ஆனால் என் கணவர் போடுவது வேறு மாத்திரை, புப்ரினார்பின் என்ற சிகிச்சை மாத்திரை. செய்தியில் வந்த மாதிரியான மாத்திரையிலிருந்து அவரை மீட்டுக்கொண்டு வந்ததே இதுதான். எங்கள் ஊரில் யாருக்கும் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீடு. நான் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறேன். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். 2020 ஆனி மாத மழையில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. மருத்துவர் ஐந்து நாளைக்கு டிரமடால் என்ற வலி கேப்சூலை எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளில் வலி தீரவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கினார். அப்புறம் சீட்டே இல்லாமல் வாங்கினார். 2018-லேயே டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

காலையில் ஒன்று போட்டால் மரத்துக்கு மரம் ஓடலாம் என்பார். ஒன்று இரண்டாகி, ஒரு வருடத்தில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு என்று ஆனது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு என்று நான் ஒதுக்கி வைக்கும் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டும் ரப்பர் பால்) விற்ற காசு குறைய ஆரம்பித்தது. அவர் குடிக்கிறவர் இல்லை, பீடியும் கிடையாது. அதனால் என் சந்தேகமே வேறு பக்கம் போனது. வேறு பெண் யாராவது இருக்கிறாளோ என்று அடுக்களையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

2022 மாசி மாதம் ஒரு விடியற்காலையில் தோட்டத்தில் வலிப்பு வந்து விழுந்தார். தலையில் கட்டியிருந்த லைட் தரையில் கிடந்து எரிந்ததால்தான் கூட வெட்டுகிறவர் கண்டுபிடித்தார். “என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, ஒன்றுமே கிடையாது என்று நான் அடித்துச் சொன்னேன். மறுநாள் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறையக் காலி அட்டைகள் கிடைத்தன. டிரமடால் அளவு மீறினால் வலிப்பு வரும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அங்கே இருந்த ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், உபயோகித்த குற்றத்துக்கான வழக்கிலிருந்து அது அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. இது தெரியாமல் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடக்கிறார்களோ. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, நாட்டில் ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு அபின், ஹெராயின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகைப் பொருட்களால் வந்த சிக்கலுக்கு உதவி தேவை என்று சொன்னதாம். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கொடுக்கப் போகிற மருந்துதான் இந்தப் புப்ரினார்பின். பழைய கேப்சூலை நிறுத்தி ஒரு நாளாவது ஆகி, உடம்பு தவிக்கத் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரையைக் கொடுப்போம் என்றார் மருத்துவர். பழையது உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் அதைப் பிடுங்கித் தள்ளி, தவிப்பை ஒரேயடியாக ஏற்றிவிடுமாம். ஆகவே முந்தின நாள் காலை முதல் ஒன்றும் போடாமல் பேருந்து ஏறினோம். குலசேகரத்திலேயே கொட்டாவி மேல் கொட்டாவி. தக்கலை வருவதற்குள் மூக்கும் கண்ணும் ஒழுகுகிறது. அந்த வெயிலில் கையில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. காலை உதறி உதறி முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வில்லுக்குறியில் இறங்கிவிடுவோம் என்றார் என் கணவர். எதற்கு இறங்கச் சொல்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் சேலை முந்தானையை அவர் மணிக்கட்டில் சுற்றி, பார்வதிபுரம் வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கால் உதறல் நின்றது. சாயங்காலம் ஓட்டலில் இரண்டு தோசை சாப்பிட்டார். என்னைப் பார்த்து, “நீ ஒண்ணும் சாப்பிடலியா?” என்று கேட்டார். அப்படி அவர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூளையில் டிரமடால் போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். உடம்பு தவிக்காது, சரியான அளவில் எடுத்தால் கிறக்கமும் வராது, வேலைக்குப் போகலாம். ஒரு அளவுக்கு மேல் கூட்டினாலும் இதன் வேலை அதற்கேற்பக் கூடிக்கொண்டே போகாது. உட்கார்ந்த இடத்தை எளிதில் விடாது என்பதால், மேலே பழையதைப் போட்டாலும் முன்போல ஏறாது. இதோடு நலாக்சோன் என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நாக்கின் அடியில் கரைக்கும்போது அது ஏறக்குறைய சும்மா இருக்கும். யாராவது இதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் அப்போது வேலையைக் காட்டும், கிறக்கத்தைத் தடுத்துத் தவிப்பைக் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே புப்ரினார்பினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று பேசுகிறவர்கள் இதையெல்லாம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்டுக்குப் போகுமுன் விடியற்காலம் நாலு மணிக்கு மாத்திரை. கரைய ஏழெட்டு நிமிடம், சிலநாள் பத்து நிமிடம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. கரைந்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுத்தான் கட்டன் சாயா. மருந்துக்கு மலச்சிக்கல் உண்டு என்பதால் மட்டி வாழைப்பழம் எப்போதும் வீட்டில் இருக்கும். அட்டையைப் பூட்டு போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. தொடக்கத்தில் தினமும் அட்டையை எண்ணினேன், சட்டைப் பையைத் தடவினேன், வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். ஒருநாள் அவர் வாயைத் திறந்து காட்டும்போது கண் நிறைந்துவிட்டது. ஆலோசகர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். இப்போது டப்பாவின் சாவி என்னிடம் இருப்பது, என்னிடமே இருக்கட்டும் என்று என் கணவரே சொன்னதால்தான். பையைத் தடவுவதில்லை. அவர் பேச முடியாத அந்தப் பத்து நிமிடத்தில் நான் பேசுகிறேன். சீட்டுப் பணம், மகளின் கணக்குப் பரீட்சை, ஆபீசில் யாருக்குக் கூலி குறைந்தது என்று எல்லாம். கல்யாணமாகி 17 வருடத்தில் நான் சொல்வதை அவர் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஒருமுறை அந்த மாத்திரையை நிறுத்தினோம். நானும் சம்மதித்தேன்.

2023 கார்த்திகை ஒன்றாம் தேதி அவர் சபரிமலைக்கு மாலை போட்டார். முந்தின நாள் அவருடைய தாய்மாமா, “மாலை போட்டவன் போதை மாத்திரை போடலாமா?” என்று கேட்டார். மாமியாரும், “மக்களே, சாமிக்க முன்னால இது வேண்டாம்” என்றார். விரதம் இருந்தால் சாமி பார்த்துக்கொள்வார் என்று எனக்கும் தோன்றியது. மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி கொட்டாவி தொடங்கியது. அப்புறம் வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமே இல்லை. கறுப்பு வேட்டியோடு முற்றத்தில் விடியும்வரை நடந்தார். ஆறாம் நாள் எங்கேயோ போய்ப் பழைய கேப்சூலை வாங்கி, எட்டை ஒன்றாகப் போட்டுவிட்டார். மறுபடியும் வலிப்பு. மாலையை நான்தான் கழற்றினேன்.

நிறுத்தி வைத்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சே நின்றுபோகலாம் என்று மருத்துவர் என்னிடம் சொன்னபோது திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த குருசாமி, “சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு எத்தனை சாமிமார் மலை ஏறுகினும். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். அடுத்த வருடம் அவரோடுதான் போனார். போகிற நாட்களுக்கான மாத்திரையை மருத்துவர் எண்ணிக் கொடுத்தார். பம்பையில் விடியற்காலம் குளித்துவிட்டு, அது கரையும்வரை சரணம் சொல்லாமல் நின்றதாக வந்து சொன்னார்.

இதைப் படிக்கும் உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கும்போதெல்லாம் “எப்போ நிறுத்துவ?” என்று கேட்காதீர்கள். என் மாமியார் 20 வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், ஒருவரும் கேட்டதில்லை. குறைப்பதா, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரும் என் கணவரும் முடிவு செய்வார்கள். குறைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கல்யாண வீட்டில் “ஒரு மூடி போதும்” என்று சாராயத்தை நீட்டாதீர்கள். மதுவோ தூக்க மாத்திரையோ இதோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். போன வருடம் பல் பிடுங்கப் போனபோது நாங்கள் முதலிலேயே இந்த மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அந்தப் பல் மருத்துவர் வலிக்கு வேறு மாத்திரை எழுதினார். சொல்ல வெட்கப்பட்டிருந்தால் டிரமடாலே மறுபடியும் கைக்கு வந்திருக்கலாம்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மருந்து சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. நாங்கள் நாகர்கோவில் வரை போய்த்தான் வாங்குகிறோம். ஒரு தடவை போனால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போகும். மழை நாளில் வெட்டு இல்லை, அன்று போகலாம் என்றால், குறித்த தேதியில் மழை பெய்ய வேண்டுமே. ஒரு தடவை அவர் தனியாகப் போய், வரிசை நீளமாக இருந்ததால் வாங்காமல் திரும்பிவிட்டார். மலையோரத்தில் இருக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் பாதி வழியில் விடுகிறவர்கள் குறைவார்கள்.

உங்களிடம் கேட்பது சின்னது. இனி இப்படிச் செய்தி போடும்போது, எந்த மாத்திரை என்று பெயரோடு போடுங்கள். அதன் கீழே 14446 என்ற எண்ணையும் போடுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது, காசு கிடையாது. மனம் உடைந்து நிற்கும் மனைவிமாருக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அந்தச் சாக்கை நான் கண்டுபிடித்த அன்று, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அந்தப் பத்து நிமிடத்தில்தான் இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கேப்சூல் விற்ற கடையின் பெயரை மட்டும் எழுதாதே, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். எழுதவில்லை.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதால் அச்சில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.