ஃபுல் ஃபிரேம் கமரா வாங்கமுன் இருக்கிற பையைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருவிழாக் காலமும் கலியாண முகூர்த்தங்களும் நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் படமெடுக்கிற பெடியன்கள் மத்தியில் ஒரே பேச்சுத்தான், ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது படம் பதிகிற சென்சர் பெரிதாக உள்ள கமராவுக்கு, மாற வேண்டும் என்று. மாறட்டும், நல்ல விடயம்தான். நானும் அந்தக் கமராவில்தான் தொழில் செய்கிறேன், அதன் அருமை தெரியும். எனக்குக் கவலை தருவது வேறு. சீட்டெடுத்து, வீட்டு நகையை அடகு வைத்து, அதுவும் போதாமல் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அண்ணனிடமும் கேட்டு, சேர்ந்த காசு முழுவதையும் கமராவின் பொடிக்கே (லென்ஸ் இல்லாத வெறும் கமராவுக்கே) கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய லென்ஸைப் பூட்டிப் பார்க்கும்போதுதான் அது பூட்டுப்படாது என்றோ, பூட்டுப்பட்டாலும் படத்தின் நாலு மூலையும் கறுப்பாக வருகிறது என்றோ தெரிய வருகிறது. வாங்கமுன் இதைத் தமிழில் விளங்கப்படுத்த ஆள் குறைவு. அதனால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபுல் ஃபிரேம் சென்சரின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றர், அந்தக் கால 35 மி.மீ. பிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவு. கெனன் 1300டி, 200டி போன்ற தொடக்கக் கமராக்களில் இருப்பது ஏறக்குறைய 22க்கு 15, நிக்கோனிலும் சோனியிலும் 23.5க்கு 15.6. கெனனில் பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம். சப்பறத்தன்று இரவு வெளிவீதியில், அல்லது கலியாண மண்டபத்தில் வெளிச்சம் எட்டாத ஒரு மூலையில், வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினாலும் படம் மணல் மணலாகப் போகாமல் நிற்பது இதனால்தான். ஒரு ஸ்டொப்புக்கு, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, கொஞ்சம் கூடலான லாபம்.

ஆனால் அந்த லாபம் எந்நேரமும் கைக்கு வராது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை முகம், பொம்பிளை முகம், முடிச்சுப் போடுகிற கை, மூன்றும் தெளிவாக வர வேண்டும். பெரிய சென்சரில் அதே இடத்திலிருந்து அதே அளவு ஃபிரேம் வைத்து எடுத்தால் பின்னணி கூடுதலாக மங்கும், அதாவது தெளிவாக நிற்கும் ஆழம் குறையும். மூன்றும் தெளிவாக வேண்டுமென்றால் சின்ன சென்சரில் லென்ஸின் திறப்பை எஃப் 2.8இல் வைத்து எடுத்ததை இதில் எஃப் 4க்கும் மேலே ஒடுக்க வேண்டிவரும் (எண் கூடினால் திறப்பு குறையும்). ஒடுக்கினால் ஐஎஸ்ஓ ஏறும். ஏறினால் பெரிய சென்சர் தந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இதை விளங்காமல் எஃப் 1.8இல் திறந்து வைத்து எடுத்து, பொம்பிளையின் ஒரு கண் மட்டும் கூராக வந்த படங்களை அல்பத்தில் பார்க்கிறோம். பறவைகளைத் தேடிச் சுண்டிக்குளம், மண்டைதீவுப் பக்கம் போகிறவர்களுக்கோ இருக்கிற சின்ன சென்சர்தான் உதவி. 300 மி.மீ. லென்ஸ் அதில் 450, கெனனில் 480 மாதிரி வேலை செய்யும். ஃபுல் ஃபிரேமில் அதே தூரத்தை எட்ட வேண்டுமென்றால் இன்னும் பெரிய, இன்னும் விலை கூடிய லென்ஸ் வேண்டும். பூநாரை எடுக்கிறவருக்கு நான் மாறச் சொல்ல மாட்டேன்.

சரி, மாறுவதென்றே முடிவெடுத்தாயிற்று. இப்போது பையைத் திறந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக வெளியே வையுங்கள்.

கெனன்காரர்கள் லென்ஸின் பூட்டுகிற பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் வெள்ளைச் சதுரம் இருந்தால் அது ஈஎஃப்-எஸ், சின்ன சென்சருக்கானது. சிவப்புப் புள்ளி இருந்தால் ஈஎஃப், ஃபுல் ஃபிரேமுக்கும் பொருந்தும். கமராவோடு வந்த 18-55 வெள்ளைச் சதுரம்தான். ஃபுல் ஃபிரேம் கமராக்களான 6டி, 5டி மார்க் 3, மார்க் 4 எதிலும் அது பூட்டுப்படாது. அதன் பின்பகுதி உள்ளே கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும், கமராவுக்குள் இருக்கும் பெரிய கண்ணாடி மேலே அடிக்கும்போது அதில் முட்டும் என்றுதான் பூட்டுப்படாமலே செய்திருக்கிறார்கள். பலவந்தமாகத் திருகிப் பார்க்காதீர்கள். வேறு நிறுவன லென்ஸ்களில் இன்னொரு பொறி இருக்கிறது. சிக்மாவின் டிசி, டம்ரோனின் டிஐ 2 என்று எழுதியவை சின்ன சென்சருக்கானவை, ஆனால் ஈஎஃப் லென்ஸ் மாதிரியே எந்தத் தடையுமில்லாமல் பூட்டுப்படும். படத்தில்தான் மூலை இருட்டும். சிக்மா டிஜி, டம்ரோன் டிஐ என்று மட்டும் இருந்தால் பயமில்லை.

நிக்கோனில் சின்ன சென்சருக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கமராவில் பூட்டுப்படும், கமராவே தெரிந்துகொண்டு நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். கடைகளில் 'எல்லா லென்ஸும் போடலாம் தம்பி' என்று சொல்வது இதைத்தான். பொய்யில்லை. ஆனால் 24 மெகாபிக்சல் டி750 அந்த நேரம் 10 மெகாபிக்சல் கமராவாகிவிடும். அந்தப் படத்தை 12க்கு 36 அல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்துப் போட்டால் அங்குலத்துக்கு 110 புள்ளிகூட வராது. சோனியிலும் இதே கதைதான், லென்ஸில் எஃப்இ என்று இருந்தால் முழுச் சென்சருக்கும் காணும், வெறும் ஈ என்றால் வெட்டுப்படும். இலட்சக்கணக்கில் கொடுத்துப் பெரிய சென்சர் வாங்கி அதில் பாதியைக்கூடப் பாவிக்காமல் விடுவதில் என்ன பிரயோசனம்?

கண்ணாடியில்லாத புதுக் கமராக்கள், அதாவது மிரர்லெஸ், 2018இல் கெனன் ஆர், நிக்கோன் இசட் வரிசைகளோடு வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கெனன் ஆர்6 போன்றவற்றில் பழைய ஈஎஃப் லென்ஸ்களை, இடையில் பூட்டுகிற கெனனின் அடப்டர் வைத்துப் போட்டால் ஓட்டோ ஃபோக்கஸ் உட்பட எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. மறுபக்கம் நடக்காது. ஆர் வரிசைக்கான ஆர்எஃப் லென்ஸை 5டியில் போட வழியே கிடையாது. புதுக் கமராவில் லென்ஸ் சென்சரிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் உட்காருகிறது, பழையதில் 44 மி.மீ. அந்த இடைவெளியைக் கூட்ட அடப்டர் செய்யலாம், குறைக்க முடியாது. நிக்கோனில் ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். அவை ஃபோக்கஸ் செய்யக் கமராவுக்குள்ளே மோட்டர் வேண்டும். டி750இல் அது இருக்கிறது, இசட் கமராவுக்குப் போடும் எஃப்டிஇசட் அடப்டரில் இல்லை. லென்ஸ் பூட்டுப்படும், ஆனால் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

எனவே என் கருத்து இதுதான். பொடியைக் கடைசியாக வாங்குங்கள், லென்ஸை முதலில். இப்போது கையிலிருக்கும் சின்ன சென்சர் கமராவுக்கே ஈஎஃப் 50 எஃப் 1.8 ஒன்று வாங்கலாம், அது அதில் 80 மி.மீ. மாதிரி நின்று அருமையான முகப்படம் தரும், நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வந்தால் உண்மையான 50 ஆகிவிடும். பிறகு ஒரு 85 எஃப் 1.8, பிறகு 24-105 எஃப் 4. மூன்று லென்ஸும் சேர்ந்த பிறகு பொடி வாங்குபவர் அடுத்த நாளே கலியாணத்துக்குப் போகலாம். பொடியை முதலில் வாங்கியவர் லென்ஸை வாடகைக்குத் தேடி அலைவார். மாடுகள் வாங்கமுன் வண்டி வாங்கிய மாதிரித்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, பிறகு 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாகிய பிறகு இங்கே கமரா விலையைக் கேட்கவே முடியவில்லை, உங்கள் உதவி இல்லாமல் பல பெடியன்களுக்குத் தொழிலே இல்லை. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். சலுகை விலையில் கண்டதை வாங்காமல், இங்கிருப்பவரின் கமராப் பெயரையும் லென்ஸ் மவுன்டின் (லென்ஸ் பூட்டுகிற வாய் வகையின்) பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கனடாவில் வாங்கும் ஸ்டூடியோ லைற்றுகள் சில 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்டவை, இங்கே 230இல் செருகினால் அந்த நொடியே புகைதான். கமராச் சார்ஜர்கள் பெரும்பாலும் 100-240 என்று போட்டிருக்கும், அவை ஓடும், ஆனாலும் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று வரும் சோனி கமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான். மேலதிக லிதியம் பற்றரிகளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள், விமானத்தில் அவை கைப்பையில் மட்டுமே வரலாம்.

பற்றரியில் காசு மிச்சம் பிடிக்கவும் இடமிருக்கிறது. கெனன் 70டி, 80டி வைத்திருப்பவர்களின் எல்பி-ஈ6 பற்றரி 6டி, 5டி மார்க் 4, ஆர்6 எல்லாவற்றுக்கும் பொருந்தும். 1300டியின் எல்பி-ஈ10 பொருந்தாது. நிக்கோன் டி7200இன் ஈஎன்-ஈஎல்15 வகை டி750க்கும் இசட் 6க்கும் போகும். சோனி ஏ6000இலிருந்து ஏ7 மார்க் 3க்குப் போகிறவர் பற்றரியையும் சார்ஜரையும் புதிதாகவே வாங்க வேண்டும். மெமரி கார்ட் வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள். சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான கார்டில் கமராக்களுக்கு ஏ, பி என்று இரண்டு வகை, ஒன்றின் இடத்தில் மற்றது உள்ளே போகாது, வாசிப்பதற்கு ரீடரும் தனியாக வேண்டும். கணினி வட்டையும் கணக்கில் சேருங்கள். 45 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ படம் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஏறக்குறைய 50 எம்பி வரும், ஒரு கலியாணத்துக்கு 2000 படமென்றால் 100 ஜிபி போய்விடும்.

ஃபிளாஷ் பற்றி நல்ல செய்தியும் உண்டு. கெனன் ஃபிளாஷை நிக்கோனில் மாட்டினால் நடுவிலுள்ள உலோகத் தொடுமுனை வழியாக வெடிக்கும், ஆனால் வெளிச்சத்தைத் தானாக அளக்காது. அதற்காக எல்லாவற்றையும் விற்கத் தேவையில்லை. கோடொக்ஸ் எக்ஸ் வகை ஃபிளாஷ் வைத்திருந்தால் புதுக் கமராவின் வகைக்கேற்ற, ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் ட்ரிகர் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும், பழைய ஃபிளாஷ்களைத் தள்ளி நிறுத்தித் தானியங்கியாகவே பாவிக்கலாம். அப்பாவின் பிலிம் காலத்து ஃபிளாஷை மட்டும் புதுக் கமராவின் தலையில் மாட்டாதீர்கள். அவற்றில் சில 200 வோல்ற்றுக்கு மேல் பாய்ச்சும், கமராவின் இலத்திரனியலையே எரித்துவிடும். ஃபில்டர் வாங்குவதென்றால் 77 அல்லது 82 மி.மீ.யில் நல்லதாக ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு அளவு மாற்றும் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

பாவித்த கமரா வாங்குகிறவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அந்தக் கமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை, கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. 6டியின் ஷட்டர் 100,000 வரையும் 5டி மார்க் 3, டி750 ஆகியவற்றின் ஷட்டர் 150,000 வரையும் சோதிக்கப்பட்டவை. ஒரு கலியாணத்துக்கு 2500 படமென்றால் 40 கலியாணத்தில் ஒரு இலட்சம். இரண்டு வருடம் தொழில் செய்த கமராவைப் 'புதுசு மாதிரி' என்று சொன்னால் நீங்களே கணக்குப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் கூட. கார்த்திகை, மார்கழி மழையில் தோல் பைக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது, ஒருமுறை கண்ணாடியில் வேர்விட்டால் துடைத்துப் போக்க முடியாது. ஈரம் உறிஞ்சும் அலுமாரியான ட்ரை கபினெட் வாங்க வசதியில்லாதவர் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருந்தால் காணும். தேர் இழுக்கும்போது கிளம்பும் புழுதிக்குள் நின்று லென்ஸ் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். பெரிய சென்சரில் தூசி விழவும் இடம் கூட. துடைக்கும் ஸ்வாப்பும் 24 மி.மீ. அகலத்தில் வேண்டும், பழைய 16 மி.மீ. ஸ்வாப் நடுவில் கோடு விட்டுப் போகும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. பில்லில் கமராவின் பெயரோடு மவுன்டின் பெயரையும், உத்தரவாதம் இங்கே செல்லுமா இல்லையா என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். வாங்க வருகிறவர் தன் பழைய லென்ஸையும் ஃபிளாஷையும் கொண்டுவந்து மாட்டிப் பத்துப் படம் எடுத்து, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு காசு கொடுக்க விடுங்கள். உங்கள் பத்திரிகையும் திருவிழாக் காலத்துக்கு முன்பாக அரைப் பக்கம் ஒதுக்கி, எந்தக் கமராவுக்கு எந்த லென்ஸ், எந்தப் பற்றரி என்று ஓர் அட்டவணை போட்டால் அதை வெட்டி ஸ்டூடியோச் சுவரில் ஒட்டப் பலர் இருக்கிறார்கள். அட்டவணையைத் தயாரித்துத் தர நான் ஆயத்தம், கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
படப்பிடிப்பாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.