விஜிக்கு, நியூஜெர்சிலேந்து

அடியே விஜி,

எப்படி இருக்கே? மூட்டுவலிக்கு அந்த எண்ணெய் கேக்குதா இல்லையாங்கறத உன் தங்கச்சிகிட்டயே கேட்டுக்கறேன், உன்கிட்ட கேட்டா எல்லாம் சூப்பர்னுதான் சொல்லுவே. நான் இங்க பையன் வீட்ல நல்லாருக்கேன், குளிர்தான் தாங்கல. மருமக தங்கமான பொண்ணு, நீ ஜோசியம் சொன்ன மாதிரி ஒரு சண்டையும் வரல, அதனால பெட் கட்டின ஐநூற எடுத்து வை.

விஷயம் என்னன்னா நியூயார்க்ல அம்பாசடர் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய் 'சிகாகோ'ங்கற பாட்டு நாடகத்தக் காமிச்சாங்கடி. 2002ல சினிமாவா வந்து ஆறு ஆஸ்கர் வாங்குச்சே, அதோட டிவிடிய நீ வாங்கிட்டுப் போய் திருப்பியே தரலன்னு பிரேமா இன்னிக்கும் புலம்பறாளே, அதேதான். மேடைல பெரிய செட் கிட்டெல்லாம் கிடையாது, பேண்ட்காரங்க நடுமேடைல உக்காந்து வாசிக்கறாங்க, எல்லாரும் கறுப்பு டிரெஸ், நாலு நாற்காலி, அவ்ளோதான். ஆனா கண்ண எடுக்க முடியல. வீட்டுக்கு வந்து இது எங்கேந்து வந்த கதைன்னு தோண்ட ஆரம்பிச்சேன், இன்னும் தோண்டிட்டே இருக்கேன், வீட்ல ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்கறாங்க, அதான் வக்கீலம்மா உன் தலைல கட்டறேன்.

1924, சிகாகோ. சாராயத்துக்குத் தடை, அதனாலயே ஊரெல்லாம் கள்ளச்சாராயம். பியூலா அன்னன்னு ஒருத்தி, லாண்டரில கணக்கு எழுதறவ, ஏப்ரல் 3ந் தேதி புருஷன் வேலைக்குப் போனப்புறம் கூட வேலை பாக்கற ஹாரி கால்ஸ்டெட்ட வீட்லயே சுட்டுட்டா. சுட்டுட்டு என்ன பண்ணா தெரியுமா, 'ஹூலா லூ'ன்னு ஒரு டான்ஸ் ரெக்கார்ட மணிக்கணக்கா திருப்பித் திருப்பிப் போட்டுட்டு உக்காந்திருந்தாளாம், அப்புறம்தான் புருஷனுக்கு போன். ரெண்டு பேருமே துப்பாக்கிய எடுக்கப் பாஞ்சோம், நான் முந்திக்கிட்டேன்னு கோர்ட்ல கதை. ஆனா குண்டு அவன் முதுகுல! நடுவுல முழுகாம இருக்கேன்னு வேற அறிவிப்பு. விடுதலை ஆயிட்டா. மெக்கானிக் புருஷன் இருக்கற காசெல்லாம் வக்கீலுக்குக் கொட்டினான், தீர்ப்பு வந்த மறுநாளே அவன வேண்டாம்னுட்டா. அதே வருஷம் பெல்வா கார்ட்னர்னு ஒருத்தி, பழைய காபரே பாடகி, அவ கார்ல ஒருத்தன் செத்துக் கிடந்தான், பக்கத்துல துப்பாக்கி, ஜின் பாட்டில். கேட்டா போதைல ஒண்ணும் ஞாபகமில்லன்னுட்டா. அவளும் விடுதலை.

குத்தவாளியா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற ஜூரி பூரா ஆம்பளைங்கடி. அந்த மாநிலத்துல பொம்பளைங்க ஜூரில உக்காரவே 1939 ஆச்சு. நீ கிளையன்ட்ட "நாளைக்கு காட்டன் புடவை, தலைய இறுக்கிப் பின்னிட்டு வா"ன்னு மிரட்டுவியே, அதுக்கெல்லாம் குலகுரு அந்த ஊர் வக்கீலுங்கதான்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுது.

இந்த ரெண்டு கேஸையும் சிகாகோ ட்ரிப்யூன்ல எழுதினது மாரின் டல்லஸ் வாட்கின்ஸ். பாதிரியார் பொண்ணு, பத்திரிகைக்குப் புதுசு, இருந்ததே சில மாசம்தான். மத்த நிருபருங்க கண்ணீர் விட்டு எழுத, இவ முழுக்க நக்கல். அப்புறம் யேல்ல நாடகம் எழுதப் படிச்சா, அங்க எழுதினதுதான் 'சிகாகோ', பாட்டே இல்லாத நாடகம். 1926 டிசம்பர் 30ந் தேதி நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்கற பிராட்வேல ஏறி 172 ஷோ ஓடுச்சு. நாடகத்துல பியூலா ராக்ஸிங்கற பாத்திரம் ஆனா, பெல்வா வெல்மா ஆனா. நாடகம் சிகாகோ வந்தப்ப பெல்வா கூசாம முதல் ஷோவுக்கு வந்து பாத்தாளாம்! நம்ம சித்தி பிரின்சிபல் முன்னாடி நின்ன மாதிரி தைரியம். பியூலா 1928லயே டிபில போயிட்டா.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே படிக்கலாம். சபெல்லா நிட்டிய படிச்சா சிரிப்பு வராது விஜி. இத்தாலிலேந்து வந்த விவசாயக் குடும்பத்துக்காரி, இங்கிலீஷ் தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது. காணாமப் போன புருஷன கொன்னுட்டான்னு 1923ல கேஸ், தூக்குன்னு தீர்ப்பு. என்ன சொல்லிட்டாங்கன்னே அவளுக்குப் புரியல. பேப்பர்ல அவ அழுக்கா இருக்கா, அவலட்சணமா இருக்கான்னு எழுதினாங்க. அழகிங்க ஒவ்வொருத்தியா வெளில போற அதே ஜெயில்லதான் இவளும் இருந்தா. ஹெலன் சிரீசின்னு ஒரு சின்ன வயசு வக்கீல், பொம்பளை, உன்ன மாதிரியே பிடிவாதக்காரி போல, மேல் கோர்ட்டுக்குப் போனா. அதோட விட்டாளா, முடிக்கு டை அடிச்சு, நல்ல டிரெஸ் போட்டு, கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக்குடுத்தா. அந்த மாநில சுப்ரீம் கோர்ட் தீர்ப்ப ரத்து பண்ணிடுச்சு, கடைசில கேஸையே கைவிட்டாங்க. அதுல சாட்சிக்கு எவ்ளோ பங்கு, டைக்கு எவ்ளோ பங்குன்னு நீதான் சொல்லணும். நாடகத்துல வர்ற ஹங்கேரிக்காரிக்கு இவதான் மூலம்னு நிறைய பேர் சொல்றாங்க. ஆனா மேடைல அவ தப்பிக்கல, ஏதோ சர்க்கஸ் வித்தை மாதிரி அறிவிச்சுத் தூக்குல போடறாங்க. நாங்க எல்லாம் அதுக்கும் கை தட்டினோம். அதான் எனக்கு மனசுல நிக்குது.

வாட்கின்ஸ் கதைய இன்னும் முடிக்கல. பிராட்வே நடிகை க்வென் வெர்டனுக்கு ராக்ஸி வேஷம் போடணும்னு ரொம்ப வருஷ ஆசை, அவ புருஷன், டைரக்டர் பாப் ஃபாஸி, போய்ப் போய்க் கேட்டும் வாட்கின்ஸ் உரிமை தரல. வயசான காலத்துல பக்தி அதிகமாயி, தன் எழுத்தாலதான் அவளுங்க தப்பிச்சாளுங்கன்னு உறுத்தல்னு ஒரு பேச்சு இருக்கு. அவங்க மனசு யாருக்குத் தெரியும்? 1969ல போய்ச் சேந்தாங்க, அதுக்கப்புறம்தான் உரிமை கைமாறுச்சு. ஜான் கேண்டர் மியூசிக், ஃப்ரெட் எப் பாட்டு. ரிகர்சல் நடக்கறப்ப ஃபாஸிக்கு ஹார்ட் அட்டாக். எல்லாம் தள்ளிப்போயி 1975 ஜூன் 3ந் தேதி மேடை ஏறுச்சு. அப்ப வெர்டனுக்கு வயசு ஐம்பதுடி! மாடிப்படி ஏற மூச்சு வாங்குது நமக்கு. அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு வேற இருந்தாங்க, ஆனாலும் சேந்துதான் வேலை பாத்தாங்க.

அந்த வருஷமே 'எ கோரஸ் லைன்'னு இன்னொரு பாட்டு நாடகம் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுச்சு. நாடகத்துக்குக் குடுக்கற டோனி விருதுல 'சிகாகோ'வுக்கு 11 நாமினேஷன், கைல ஒண்ணுமில்ல. ரொம்ப விஷமா இருக்கு, யார் மேலயும் இரக்கமே இல்லன்னு சொன்னாங்க. 936 ஷோவோட முடிஞ்சுது. அப்புறம் 1996ல, பழைய ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்ப்சனோட கொலை கேஸ ஊரே டிவில உக்காந்து பாத்து முடிச்ச கையோட, அதே கதை அதே பாட்டோட திரும்ப வந்துச்சு, 1975ல ஓடின அதே தியேட்டர்ல, பேர் மட்டும் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ்னு மாறியிருந்துச்சு. ஆறு டோனி. இடம் மாறி மாறி இன்னும் ஓடுது, 2023ல 'ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா'ங்கற பாட்டு நாடகம் மூடினப்புறம் பிராட்வேல இப்ப ஓடறதுல இதுக்குத்தான் வயசு ஜாஸ்தி. விஷம்னு சொன்னவங்க பிள்ளைங்கதான் கியூல நிக்கறாங்க.

நீ என்ன நினைக்கறேன்னு எழுது. ஜூரி இல்லாத நம்ம கோர்ட்லயும் மூஞ்சி வேலை செய்யுமா, உண்மைய சொல்லு, மழுப்பாதே. எழுதவே எழுதணும், வாய்ஸ் நோட் அனுப்பினே கேக்க மாட்டேன், அதுல பாதி உன் பிரஷர் குக்கர் சத்தம்தான் வருது. பிரேமா டிவிடிய குடுத்துத் தொலை.

உன்
கல்பு