பரிமாறிய இலையை இழுத்தவர்களுக்கு

மிசூரி மாநிலச் சட்டமன்றத்தின் 163 பிரதிநிதிகளுக்கும் 34 செனட்டர்களுக்கும் வணக்கம்.

செயிண்ட் லூயிஸ் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். குடியுரிமை பெற்ற நாள் முதல் ஒரு தேர்தலையும் நான் விட்டதில்லை. மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த நோய் விடுப்பை நீங்கள் நீக்கியதைப் பற்றியது இந்த மடல். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் பலர், மணிக்கூலியும் நோய் விடுப்பும் யாருடைய கவலையோ என்று கடந்துபோகிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது அவர்கள் காதிலும் விழட்டும்.

என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஐந்து நாள் ஒரு பெண்மணி வருகிறார். முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர். மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள பூட்ஹீல் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். மாமியாருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் கையசைவிலேயே நாள் முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். 2024 நவம்பரில் அவர் டிரம்புக்கு வாக்களித்தார். நான் எதிர்ப்பக்கம். இருவருமே அதை மறைக்கவில்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டோம். ஆனால் அதே வாக்குச்சீட்டில் இருந்த முன்மொழிவு 'ஏ'வுக்கு இருவருமே 'ஆம்' என்று குறித்திருந்தோம் என்பது ஒரு நாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அன்று எங்களுக்குள் ஏதோ ஒரு கதவு திறந்துகொண்டது போல இருந்தது.

அந்த முன்மொழிவு கேட்டது பெரிய காரியம் அல்ல. குறைந்தபட்ச மணிக்கூலி 2025 ஜனவரியில் 13.75 டாலர், 2026 ஜனவரியில் 15 டாலர். அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப உயர்வு. 30 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் சம்பளத்துடன் நோய் விடுப்பு. மிசூரி மக்களில் 57 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்றார்கள். அதே நாளில், அதே மக்களில் 58 சதவீதத்துக்கும் மேலானோர் டிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினரின் கை சேராமல் அந்த முன்மொழிவு வென்றிருக்கவே முடியாது.

2025 மே 1 அன்று விடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரத்தில், செனட்டில் பெரும்பான்மை வகிக்கும் குடியரசுக் கட்சியினராகிய நீங்கள், விவாதத்தை வெட்டி நிறுத்தும் அரிதான விதியைக் கையிலெடுத்து அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றினீர்கள். ஜூலையில் ஆளுநர் கீஹோ கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28 அன்று விடுப்பு மறைந்தது. விலைவாசிக்கேற்ற உயர்வையும் நீக்கிவிட்டீர்கள். வாரம் 40 மணி நேரம் வேலை செய்த ஒருவருக்கு அந்தப் பதினேழு வாரங்களில் 22 மணி நேர விடுப்பு சேர்ந்திருக்கும். கிட்டத்தட்ட மூன்று நாள். எங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பெண்மணி அதில் ஒரு மணி நேரத்தைக்கூட எடுக்கவில்லை. குளிர்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவைத்திருந்தார். செப்டம்பரிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. சேர்ந்த மணிகளைத் தர வேண்டிய கட்டாயம் இனி இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதாம். பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எண்பத்தொரு வயது மாமியாருக்குச் சோறூட்டும் கை அது.

பந்தியில் உட்காரவைத்து, பரிமாறி, முதல் கவளத்தை எடுக்கும்போது இலையை இழுப்பது எங்கள் ஊரில் மிகப் பெரிய அவமதிப்பு. பசியைக்கூட மறந்துவிடுவார்கள், அந்த அவமதிப்பை மறக்கமாட்டார்கள்.

சிறு வணிகர்களால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது உங்கள் வாதம். அந்தக் கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு பேரை வைத்துக் கடை நடத்தும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சட்டத்தைத் திருத்தியிருக்கலாம், காலக்கெடு கொடுத்திருக்கலாம், சுமையில் ஒரு பங்கை மாநிலம் ஏற்றிருக்கலாம். ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கும் நான்கு பேர் கடைக்கும் ஒரே தீர்ப்பு எழுதி, முழுவதையும் துடைத்தெறிந்தீர்கள். வாஷிங்டன் செனட்டில் மிசூரியின் உறுப்பினராக இருக்கும் உங்கள் கட்சிக்காரர் ஜாஷ் ஹாலி, நீங்கள் மசோதாவை நிறைவேற்றிய மறுமாதமே, ஜனநாயகக் கட்சியின் பீட்டர் வெல்ச்சுடன் சேர்ந்து நாடு முழுவதற்கும் 15 டாலர் கூலி கேட்டு வாஷிங்டனில் மசோதா கொண்டுவந்தார். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரில் அசையாமல் நிற்கிறது. அவர் மக்களின் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

இது முதல் முறையும் அல்ல. 2017 மே மாதம் செயிண்ட் லூயிஸ் நகரம் தன் எல்லைக்குள் மணிக்கூலியை 10 டாலராக உயர்த்தியது. நகரங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று சட்டம் இயற்றினீர்கள். அந்த ஆண்டும் ஆகஸ்ட் 28 அன்று கூலி 7.70 டாலருக்கு இறங்கியது. கையில் வாங்கிய கூலி குறைந்ததை அந்த வாரம் நான் வழக்கமாகச் செல்லும் கடையின் கல்லாவில் நின்ற இளைஞர் சொல்லித்தான் அறிந்தேன். அதே ஆண்டு தொழிற்சங்கங்கள் கட்டாயமாகச் சந்தா வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தீர்கள். 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அதை நிராகரித்தார்கள். 2020ல் குறைந்த வருமானத்தோருக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவியை விரிவாக்க மக்கள் வாக்களித்தார்கள். நிதி ஒதுக்க மறுத்தீர்கள். மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே அது நடந்தது.

இப்போது வாசலையே அடைக்கப் பார்க்கிறீர்கள். மனு வழியே மக்கள் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் மாநிலம் முழுவதும் பெரும்பான்மை பெற்றால் போதாது, மாநிலத்தின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியே வெல்ல வேண்டும் என்ற விதியை 2026 நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்ப 2025 செப்டம்பரில் தீர்மானித்தீர்கள். ஒரே ஒரு தொகுதி மறுத்தால் மற்ற ஏழும் தோற்கும். உங்கள் சபைகள் எந்தத் தீர்மானத்தையும் அப்படியா நிறைவேற்றுகின்றன?

நாடு பிளவுபட்டுவிட்டது என்று இரு கட்சிக்காரர்களும் மேடைதோறும் வருந்துகிறீர்கள். 2008ல் இந்த மாநிலத்தில் மெக்கெய்னுக்கும் ஒபாமாவுக்கும் இடையே நாலாயிரம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. 2024ல் 18 சதவீதப் புள்ளி. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைச் சாலை வழியே போனாலே பார்க்கலாம். ஃபென்டனில் கிரைஸ்லரின் இரண்டு கார் ஆலைகளும் 2008லும் 2009லும் அடுத்தடுத்து மூடப்பட்டன. நியூ மாட்ரிட் அருகே அலுமினிய உருக்காலை 2016ல் நின்றது. கென்னட் நகரின் மருத்துவமனை 2018ல் கதவடைத்தது. டெக்ஸ்டரின் கோழி இறைச்சி ஆலை 2023ல் போனது. கூலியையும் விடுப்பையும் பற்றி வாக்களித்தால் அது நிலைக்காது என்று மக்களுக்கு நீங்களே கற்றுக்கொடுத்த பிறகு, அவர்கள் கையில் மிஞ்சுவது எதிர்க்கட்சிக்காரன் மீதான கோபம் மட்டுமே. அதற்குப் போடும் வாக்கை யாரும் ரத்து செய்வதில்லை.

ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களே, செனட்டில் நீங்கள் மணிக்கணக்கில் நின்று பேசித் தடுக்க முயன்றீர்கள், அதற்கு நன்றி. ஆனால் வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தில் 1993ல் கையெழுத்திட்டவர் உங்கள் கட்சியின் அதிபர் கிளின்டன் என்பதைப் பூட்ஹீல் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். பல கிராமத் தொகுதிகளில் நீங்கள் வேட்பாளரையே நிறுத்துவதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் பெண்மணி உங்கள் கட்சிக்காரர் ஒருவர் தன் ஊரில் கதவைத் தட்டியதாகத் தனக்கு நினைவே இல்லை என்கிறார். முன்மொழிவு 'ஏ'வுக்குக் கையெழுத்து வாங்க வந்த தொண்டர்தான் அரசியல் பேச அவர் முன் வந்து நின்ற முதல் ஆள்.

நான் கேட்பது இதுதான். ஜனவரியில் அவை கூடும்போது நோய் விடுப்பை மீண்டும் கொண்டுவாருங்கள். சிறு கடைகளுக்கு விலக்கு வேண்டுமானால் அதை வெளிப்படையாக விவாதித்துச் சேருங்கள். மாநிலம் தழுவிய பெரும்பான்மையோடு மக்கள் இயற்றிய சட்டத்தை, அவர்களிடம் மறுபடி கேட்காமல் நீக்கமாட்டோம் என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கூட்டத்தைப் பார்க்க நான் ஜெபர்சன் சிட்டிக்கு வருகிறேன். காரில் இரண்டு மணி நேரப் பயணம். எங்கள் வீட்டுக்கு வரும் பெண்மணியையும் அழைத்திருக்கிறேன். வர மிகவும் ஆசைதான் என்றார். ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் இன்னும் முடிவு சொல்லவில்லை.

இப்படிக்கு,
செயிண்ட் லூயிஸ் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்