கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தொட்டிப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கலக்கும் தொட்டி, திரள் வளர்க்கும் தொட்டி, படியவிடும் தொட்டி, மணல் வடிகட்டி நான்கும் முடிந்து ஓடுகின்றன. கசிவுச் சோதனையில் குறை இல்லை. மதிப்பீட்டில் இல்லாத சுண்ணாம்புத் தொட்டிக்கு ஏன் செலவழித்தீர்கள் என்பதே கூட்டத்துக்குக் கூட்டம் எழும் கேள்வி. அதற்கு விவரமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரண்டு நாள் தேக்கினால் தானாகத் தெளியுமே என்றனர் சிலர். தெளியாது. ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) களிமண் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே 12 நாளுக்கு மேல் ஆகும். துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஒட்டாது. படிகாரம் அந்த மின்னேற்றத்தை அடக்கும். அதிலிருந்து பிறக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோல் திரண்டு துகள்களை வாரிக்கொண்டு படியும்.

மழை தொடங்கியதும் தெளிந்து வரவேண்டிய நீர் கலங்கலாகவே வந்தது. படிகாரத்தைக் கூட்டச் சொன்னார் ஒப்பந்ததாரர். கூட்டினோம், இன்னும் மோசமானது. படிகாரத்தில் கலப்படம் என்ற பேச்சும் கிளம்பியது. அந்தப் பழி தவறு. லிட்டருக்கு 1 மி.கி. படிகாரம், கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 0.5 மி.கி. காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் திறனை, தின்றுவிடும். மழைக்காலத்தில் வந்த நீரில் இருந்த காரத்தன்மை 20. நாம் போட்ட 60 மி.கி. படிகாரத்துக்கு வேண்டியது 30. காரம் தீர்ந்ததும் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம்) 5-க்குக் கீழே இறங்கியது. அந்த அமிலத்தில் திரள் கட்டாது, அலுமினியம் கரைந்தபடியே வடிகட்டியையும் தாண்டிப் போகும்.

தீர்ந்த காரத்தை ஈடுகட்ட எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று அறிய, ஆறு பீக்கரில் ஒவ்வொரு லிட்டர் நீர் எடுத்து, வெவ்வேறு அளவில் மருந்திட்டு ஒப்பிடும் ஜார் டெஸ்ட் செய்தோம். சுண்ணாம்பு 0, 5, 10, 15, 25, 40 மி.கி.; அதன்பின் எல்லாவற்றிலும் படிகாரம் 60. நிமிடத்துக்கு 100 சுற்றில் ஒரு நிமிடம், 30 சுற்றில் 20 நிமிடம், பிறகு அரைமணி நேரம் அசையாமல் வைத்தோம். நான்காவது பீக்கரில் குண்டூசித் தலை அளவுக்குப் பஞ்சு திரண்டு அடியில் படிந்தது. மேல்நீரில் பீக்கருக்குப் பின்னால் வைத்த தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. முதல் பீக்கர் கலங்கியே நின்றது. கடைசியிலும் தெளிவு குறைந்தது, பி.எச். மிகவும் ஏறினாலும் அலுமினியம் கரையும்.

சுண்ணாம்பைக் கையால் வீசினால் போதும் என்று ஒப்பந்ததாரர் வாதிட்டார். கட்டி கட்டியாக விழுந்தால் ஓரிடத்தில் காரம், ஓரிடத்தில் அமிலம் என்றாகும். படிகாரக் கரைசலோடு சேர்த்து ஊற்றினாலோ, தொட்டிக்குள்ளேயே இரண்டும் வினைபுரிந்து வீணாகும். அதனால்தான் தனித் தொட்டி. சுண்ணாம்புப் பால் அடியில் உறையாதிருக்க அதற்கொரு கலக்கும் கருவி. அந்தப் பால் படிகாரத்துக்கு முன்னால் நீரில் சேரும்.

திரள் தொட்டியின் துடுப்பை ஒப்பந்ததாரர் வேகமாக ஓடவிட்டதில் பஞ்சு கிழிந்தது. கிழிந்த பஞ்சு பழையபடி ஒட்டாது. துடுப்பை ஓட்டும் கப்பியை மாற்றிய கூலியை அதனால்தான் அவருக்குத் தரவில்லை. அந்த முடிவில் மாற்றமில்லை.

கலக்கி மோட்டார் தந்தவர், வடிமணலைச் சலித்துக் கழுவித் தந்த குடும்பங்கள், பீக்கர் வாங்கித் தந்த ஆசிரியர், இரு தவணையையும் முன்கூட்டிச் செலுத்திய உறுப்பினர்கள், இரவு முறைக்கு நின்ற இளைஞர்கள் எல்லோர் பெயரும் தொட்டிச் சுவர்ப் பலகையில் உள்ளன. விடுபட்டவர் தெரிவித்தால் சேர்த்துவிடுவோம்.

மழைக்காலம் முழுக்கக் காரத்தன்மையைத் தினமும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். உறுப்பினர் யாரும் வந்து பார்க்கலாம்.

பணிக்குழு