பூட்டிய வீட்டின் மின்கணக்கு

அன்புள்ள சுந்தரத்திற்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அங்கும் நலமே என்றறிந்து மகிழ்ந்தோம். பேத்தியோடு இருந்துவிட்டு வந்த மகிழ்ச்சியை நான்கு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் மின்கட்டணத்தைப் பற்றியே எழுதியிருக்கிறாய். ஆள் இல்லாமல் 60 நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் 90 யூனிட் எப்படி ஓடியது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மீட்டர்தான் பழுது என்று முடிவுகட்டி, அதை மாற்றித் தரும்படி மனு எழுதப் போவதாகச் சொல்கிறாயே, அந்த மனுவைச் சில நாள் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 90 யூனிட்டை நாள்கணக்கில் பிரித்துப் பார். 60 நாளுக்கு 90 என்றால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகையால், ஒன்றரை யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 62.5 வாட் வருகிறது. அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றை அணைக்க மறந்து ஊருக்குப் போனால் ஏறக்குறைய இவ்வளவுதான் ஆகும். ஓயாமல் ஓடுவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கணக்கில் பெரிதாகிவிடுகிறது. வெறும் 10 வாட் கருவிகூட ஆண்டு முழுவதும் ஓடினால் 87 யூனிட்டைத் தாண்டிவிடும்.

நீ எதையெல்லாம் அணைக்காமல் போனாய் என்பது உன் கடிதத்திலேயே இருக்கிறது. ஃப்ரிட்ஜைக் காலிசெய்து அணைத்தது சரி. வாசல் கேமராவுக்காக ரவுட்டரை ஓடவிட்டாய், டிவியையும் செட்-டாப் பெட்டியையும் ரிமோட்டால் மட்டும் அணைத்தாய், ஏ.சி.க்குரிய ஸ்டெபிலைசர் சுவரில் விழித்தபடியே இருந்தது. மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். பொதுவாக ரவுட்டர் 6 முதல் 12 வாட் வரையும், கேமரா 3 முதல் 5 வரையும், செட்-டாப் பெட்டி 8 முதல் 15 வரையும் எடுத்துக்கொள்ளும். செட்-டாப் பெட்டியில் ஒரு விசேஷம்: பல மாடல்களில், அணைத்ததாக நாம் நினைக்கும் நிலைக்கும் படம் ஓடும் நிலைக்கும் மின்செலவில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி. ஓடாவிட்டாலும் காந்தமாகிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் 5 முதல் 15 வாட் வரை வெப்பமாக இழக்கிறது. அதன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார், இளஞ்சூடு தெரியும், காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரமும் கேட்கும். கை வைத்தால் சூடாக இருக்கும் எதுவும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது, எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய முதல் சோதனை.

இன்வெர்ட்டரின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பேட்டரி நிறைந்த பிறகும் அது தானாக இழக்கும் மின்னை ஈடுகட்டச் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு வயதாக ஆக அந்தச் சிறிதளவு கூடிக்கொண்டே போய், சேமிப்பாக மாறாமல் வெறும் சூடாகவும் வாயுவாகவும் வீணாகிறது. உன் பேட்டரியில் தண்ணீர் அடிக்கடி குறைகிறது என்று முன்பொரு முறை சொன்னாய் அல்லவா, அதுவும் இதே கதைதான்.

மாறாக, எல்லோரும் குற்றம் சொல்வது செல்போன் சார்ஜரை. போன் மாட்டாத இக்காலச் சார்ஜர் ஒன்று 0.3 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். 60 நாளில் அரை யூனிட்கூட ஆகாது. டிவியின் சிவப்பு விளக்கும் அப்படியே. ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் கருவிகளின் செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-ஆம் ஆண்டிலேயே பேசத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஒரு வாட் என்றும் 2013-இல் அரை வாட் என்றும் வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எப்போதும் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டிய ரவுட்டர் போன்றவற்றுக்கு அந்த அரை வாட் வரம்பு பொருந்தாது. ஆகவே சார்ஜரைத் தேடித் தேடிப் பிடுங்குவதில் நேரத்தைச் செலவிடாதே.

இதுவரை சொன்னது ஊகம். கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக ஊகத்தை நம்பிவிடக் கூடாது. மீட்டரையே சாட்சியாக வைத்து விசாரிக்க வேண்டும். மீட்டரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே, ஒரு யூனிட்டுக்கு இத்தனை மின்னல் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 1600 அல்லது 3200. 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, வரும் விடையை இரண்டு மின்னலுக்கு இடையில் கழியும் விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைத்துவிடும். உன் மீட்டரில் 3200 என்றிருந்தால் முதல் வகுத்தலின் விடை 1125. விளக்கு 18 விநாடிக்கு ஒருமுறை மின்னினால், 1125-ஐ 18-ஆல் வகுக்க, நாம் தேடும் அதே 62.5 வாட் வந்து நிற்கும்.

ஒருநாள் இரவு, நீ ஊருக்குப் புறப்பட்ட அன்று வீடு எப்படி இருந்ததோ அதே நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஃப்ரிட்ஜையும் ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, டார்ச்சும் கைக்கடிகாரமுமாக மீட்டருக்கு முன் போய் நில். அங்கே நீ கவனிக்க வேண்டியது மின்னலின் வேகத்தை மட்டுமல்ல, அதன் போக்கையும்தான். 18 விநாடிக்கு ஒன்று, மறுபடி 18 விநாடிக்கு ஒன்று என்று சீராக வந்தால், ஓயாமல் ஓடும் சிறிய கருவிகளின் கூட்டுச் செலவு அது. நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை படபடவென மின்னினால், 2000 வாட் கீசர் ஒன்று தானாக இயங்கி, ஆறிப்போன தண்ணீரை மீண்டும் சூடாக்குகிறது என்று பொருள். நாளொன்றுக்கு மொத்தமாக 45 நிமிடம் அது ஓடினாலே உன் ஒன்றரை யூனிட் தீர்ந்துவிடும். கீசரை அணைத்ததாக ‘நினைவு’ என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் எனக்கு அவ்வளவாகத் திருப்தி அளிக்கவில்லை. தொட்டித் தண்ணீர் குறைந்தால் தானே ஓடும் மோட்டாரும் இந்த வகைதான். எங்காவது ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தால், ஆளில்லாத வீட்டிலும் அது அவ்வப்போது ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு எம்.சி.பி.களை, அதாவது வீட்டின் ஒவ்வொரு ஒயர் வரிசைக்கும் தனித்தனியாக இருக்கும் சிறு காப்புச் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மின்னலுக்குக் காத்திருந்து விநாடிகளைக் குறித்துக்கொள். எதை அணைத்ததும் இடைவெளி நீள்கிறதோ அந்த வரிசையில்தான் நாம் தேடும் கருவி இருக்கிறது. அதற்குள் எது என்பதைப் பிளக்குகளைப் பிடுங்கிக் கண்டுபிடித்துவிடலாம். தங்கையைக் கைபேசியோடு மீட்டரின் அருகே நிற்கவைத்து, நீ உள்ளே சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டால் வேலை பாதியாகும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் ஒரு வரிசை மின்சாரம் எடுத்தால், அங்கே ஈரச் சுவருக்குள் ஒயர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அதில் நீ கை வைக்காதே, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மின்சாரம் தரைக்குக் கசிந்தால் தானே அணையும் 30 மில்லிஆம்பியர் காப்புச் சுவிட்ச் வேலைசெய்யும் வீட்டில், அது அணையாமலே கசியக்கூடியது 7 வாட்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் கசிகிறதென்றால் காப்பு இல்லை என்றே பொருள், கட்டணத்தைவிட அதுதான் பெரிய கவலை.

கடைசியாக மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் விளக்கைப் பார். மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தாலோ அணைந்திருந்தாலோ மீட்டர் தானாக ஓடவில்லை என்று பொருள். அப்போதும் மின்னினால், மீட்டருக்கும் உன் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் யாரோ ஓர் இணைப்பு எடுத்திருக்கலாம்; மாடிப்படி விளக்கும் பொது மோட்டாரும் ஒரு வீட்டு மீட்டரில் போய்ச் சேர்ந்துவிடுவது அபூர்வமல்ல. அப்படி ஓர் இணைப்பும் இல்லையென்றால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே மெயின் சுவிட்சை அணைத்த பின் விளக்கு என்ன செய்தது என்பதை முதலில் எழுது. உன் மனுவில் என்ன எழுதுவது, மனுவே வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

அன்புடன்,
உன் நண்பன்,
வேதாசலம்