'மனசில் இருப்பதை எழுதுங்கள்' என்று சொன்னால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மறதி நோய் (டிமென்ஷியா) பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரை வரும்போதெல்லாம், கடைசிப் பத்தியில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று மூன்று யோசனைகள் இருக்கும்: நன்றாகத் தூங்குங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், மனதில் இருப்பதை எழுதுங்கள். இரவில் மூன்று தடவை எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு முதல் இரண்டும் கேலி மாதிரிதான் கேட்கும். மூன்றாவது செய்யக்கூடியது, செலவும் கிடையாது. ஆனால் எவ்வளவு நேரம், எத்தனை நாள், எதைப் பற்றி, எங்கே எழுத வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் எழுதத் தொடங்கினால் பலன் இல்லாமல் போகலாம். சிலருக்கு மனபாரம் கூடவும் செய்யலாம். மறதி நோயாளிகளின் குடும்பங்களோடு பணியாற்றுகிறவர்கள் என்ற முறையில், விடுபட்ட அந்த விவரங்களை எழுதுகிறோம்.

இந்த முறையின் தொடக்கம் 1986. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்கள் 46 பேரை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்களைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதினார்கள்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து. சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த கையோடு பார்த்தால், மனம் சோர்ந்தும் ரத்த அழுத்தம் ஏறியும் இருந்ததும் அவர்களுக்குத்தான். எனவே முதல் நாள் எழுதிவிட்டு அழுதால் பயப்பட வேண்டியதில்லை. ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும்.

2006இல் ஜோன் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சிறியது. 15 நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று தடவைக்குக் குறையாமல், வீட்டில், தனிமையில், எதை எழுதுவது என்ற தெளிவான குறிப்போடு எழுதியவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. குறிப்பில்லாத 'டைரி எழுதுங்கள்' மேல் எங்களுக்கு இருக்கும் மனக்குறைக்கு இதுதான் காரணம்.

பார்த்துக்கொள்கிறவர்கள் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மாணவர்கள் எழுதியது பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றி. மறதி நோய் இருக்கும் வீட்டில் எதுவும் முடிவதில்லை. நேற்று எழுதித் தீர்த்த அதே கோபம் இன்று காலை குளியலறையில் மறுபடி காத்திருக்கும். 2007இல் கனடா ஆய்வாளர்கள், வீட்டு முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் 40 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு மன உளைச்சலை எழுதியது. ஒரு குழு நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று எழுதியது. இன்னொன்று சரித்திர நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியது. உடலும் மனமும் தேறியது நேரத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு. உளைச்சலை எழுதியவர்களுக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு எழுத்தை சர்வரோக நிவாரணியாக விற்பது நியாயமில்லை. எங்கள் கருத்து இதுதான்: உணர்ச்சி எழுத்து அளவோடு வேண்டும், நடைமுறைக் குறிப்பு தொடர்ந்து வேண்டும், இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்கக் கூடாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1995இல் ஓஹையோவில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்குக் கையில் 3.5 மி.மீ. அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். அவர்களை ஒத்த வயதுப் பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. மனபாரம் தோல் வரைக்கும் இறங்குகிறது.

இனி செய்முறை. உணர்ச்சி எழுத்துக்கு நான்கு தடவை போதும். அடுத்தடுத்த நாள் முடியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம். பல நோயாளிகளுக்குப் படபடப்பு ஏறும் நேரம் அது, பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். படுக்கப் போகும் முன்பும் வேண்டாம். கிளறிவிட்ட மனம் தூங்க விடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நோயாளி கண்ணயரும் நேரம் தோதானது. 15 நிமிடத்துக்கு டைமர் வையுங்கள். அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் முகம் கழுவவும் டீ போடவும். அதன் பிறகு அவர் அறைக்குள் போங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விழுங்கிவிடுகிறவர்கள்தான் எழுதி எழுப்பிய கோபத்தை நோயாளி மேல் கொட்டுகிறார்கள்.

முதல் தடவை, உங்களை மிகவும் அழுத்தும் ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று பத்து வரி எழுதுவதில் பயனில்லை. 'செவ்வாய்க்கிழமை குளிக்க மாட்டேன்னு கையக் கடிச்சாங்க. நான் சொம்பத் தூக்கித் தரையில போட்டேன்' என்று எழுதினால் பிடி கிடைக்கும். பேச்சுத் தமிழோ ஆங்கிலம் கலந்ததோ, வாயில் வருகிறபடி எழுதலாம். எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு விநாடியும் செலவிட வேண்டாம்.

இரண்டாம் தடவை, யாரிடமும் சொல்லாததை எழுதுங்கள். 'இது எப்போ முடியும்' என்று நினைத்தது, படுக்கையில் போன மலத்தைத் துடைக்கும்போது வந்த அருவருப்பு, கை ஓங்கியது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி வீடியோ காலில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'அம்மா நல்லாத்தானே பேசுறாங்க, நீ ஏன்க்கா பெருசு பண்ற' என்றபோது பொங்கியது. நம் வீடுகளில் மருமகளோ மனைவியோ கல்யாணமாகாத மகளோதான் இந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். பொறுமைசாலி என்ற பட்டம் கொடுத்தே வாயை அடைத்துவிடுகிறோம். காகிதத்திலும் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு எழுதினால் அந்த 15 நிமிடம் வீண்.

மூன்றாம் தடவை, நோய்க்கு முன் அவர் எப்படி இருந்தார், இப்போது எது போய்விட்டது என்பது. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க ஆளை இழப்பது இந்த நோயின் கொடுமை. இதற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. பதினாறாம் நாள் என்று ஒரு கணக்கும் இல்லை. எழுதுவதற்கு நிறைய இருப்பது இங்கேதான் என்பது எங்கள் அனுபவம்.

நான்காம் தடவை, முதல் நாள் எழுதிய அதே சம்பவத்துக்குத் திரும்புங்கள். இந்த முறை 'ஏன்', 'அதனால்', 'இப்போது பார்த்தால்' என்ற சொற்களை வேண்டுமென்றே கொண்டுவாருங்கள். பென்னிபேக்கர் பிற்காலத்தில் எழுத்துகளைக் கணினியில் போட்டுச் சொற்களை எண்ணியபோது, தேறியவர்களின் பக்கங்களில் காரணம் சொல்லும் சொற்களும் புரிந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் நாளுக்கு நாள் கூடியிருந்தன. கடித்த கதையே நான்காம் நாள் இப்படி மாறலாம்: 'தலையில திடீர்னு தண்ணி விழுந்ததுல பயந்திருக்காங்க. எனக்கும் அன்னைக்கு வேலைக்குக் கிளம்புற அவசரம். அதனாலதான் சொல்லாமக் கொள்ளாம ஊத்திட்டேன்.' நான்கு நாளும் முதல் நாள் வரிகளே திரும்பத் திரும்ப வந்தால் அது புலம்பலாக மாறிவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிட்டு ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுவது மேல்.

எதை எழுத நினைத்தாலே தாங்காது என்று தோன்றுகிறதோ அதைத் தொட வேண்டாம். பென்னிபேக்கரே வைத்த விதி இது. நோயாளி மருத்துவமனையில் படுத்திருக்கும் வாரத்திலும், இறந்த சூட்டோடும் தொடங்க வேண்டாம். எழுதிய பிறகு வந்த சோர்வு ஒரு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் கைவிட்டுவிடுங்கள்.

எங்கே எழுதுவது? இப்போது எல்லோர் கையிலும் செல்போன்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் 'தனக்குத் தானே' அனுப்பும் வசதியில் எழுதாதீர்கள். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் மாமியாரைப் பற்றி எழுதியது குடும்பக் குழுவில் போய் நிற்கும். குறிப்பு எழுதும் செயலிகள் பல, கூகுள் கணக்கோடு இணைந்தவை. அதே கணக்கு பிள்ளையின் டேப்லெட்டிலோ கணவரின் மடிக்கணினியிலோ திறந்திருந்தால் அங்கேயும் தெரியும். கடவுச்சொல் போட்டுப் பூட்டக்கூடிய குறிப்பேடு நல்லது. அதைவிட நல்லது நான்கு தடவையும் முடிந்ததும் அழித்துவிடுவது. நான்கு தடவையும் எழுதி முடிக்கும்வரை முதல் நாள் பக்கம் இருந்தால் உதவும்; அதற்குப் பிறகு வைத்திருக்கக் கட்டாயமில்லை. பலன் எழுதியதில் இருக்கிறதே தவிர, வேறொருவர் படிப்பதில் இல்லை. எழுதும்போது போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு கைவராதவர்கள் கூகுள் விசைப்பலகையில் விரலால் எழுதும் வசதியைப் பயன்படுத்தலாம். பேசினால் எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தன்னைப் பற்றி யாரோ ரகசியம் பேசுவதாகச் சந்தேகப்படும் நோயாளி இருக்கும் வீட்டில் இது வினையை விலைக்கு வாங்குவது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் மொட்டை மாடிக்கோ கோவிலுக்கோ போனபோது குரல் பதிவு செய்துவிட்டு அழிக்கலாம். பேத்தியிடம் சொல்லி எழுத வைப்பது மட்டும் வேண்டாம். குழந்தை சுமக்க வேண்டிய விஷயமில்லை அது.

முகநூலிலோ குழுவிலோ உளைச்சலைப் பதிவாகப் போடுவதும் இதுவும் வேறு. அங்கே படிப்பவரை நினைத்தே கை எழுதும், ஆறுதலோடு சேர்ந்து உபதேசமும் வரும். நோயாளியின் மானமும் அதில் இருக்கிறது. தன் டயப்பர் பற்றிய பதிவுக்கு அவரால் சம்மதம் சொல்ல முடியாது.

இரண்டாவது வகை எழுத்து, நடைமுறைக் குறிப்பு. இதைத் தினமும் எழுதலாம், ஐந்து நிமிடம் போதும், வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி காலண்டர் பக்கத்தில் ஒரு நோட்டாகத் தொங்கலாம். மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி அடங்கியது. 'மாலை 5.40. கரண்ட் போய் வந்தது. வீட்டுக்குப் போகணும் என்று கதவைத் தட்டினார். இதுதான் உங்க வீடு என்றதும் கத்தினார். காபி கொடுத்து வாசலில் உட்கார வைத்தேன். 6.10க்கு அமைதி.' இப்படி இரண்டு வாரம் சேர்ந்தால், வாதாடிய நாளெல்லாம் நீண்டதும், வாதாடாத நாள் அரை மணியில் முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும். மருத்துவரிடம் போகும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட இந்த நோட்டு பத்து மடங்கு உபயோகம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடியதாக நோட்டு காட்டினால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, இதில் ஏதாவது காரணமாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். அதே நோட்டில் உங்கள் நேரத்தையும் ஒரு வரி போடுங்கள்: எத்தனை தடவை இரவில் எழுந்தீர்கள், யார் எவ்வளவு நேரம் உங்களை மாற்றிவிட்டார்கள். உடன்பிறந்தவர்களிடம் ஆளோ பணமோ கேட்கும்போது, கண்ணீரைவிட அந்த வரி நன்றாகப் பேசும்.

இணையவழிப் பயிற்சி என்று வருகிறவற்றையும் விசாரித்துச் சேர வேண்டும். அமெரிக்காவில் மறதி நோயாளிகளின் குடும்பத்தார் 170 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான 'லீஃப்' ஆய்வில், பயிற்றுநர் ஒருவர் காணொளியில் வந்து, அன்று நடந்த ஒரு நல்லதைக் கவனிப்பது, நன்றியைக் குறித்துவைப்பது போன்ற பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். தினமும் தங்கள் மனநிலையைக் குறித்து அனுப்பியதோடு நின்றவர்களைவிட, பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் குறைந்தன. ஆள் துணையோடு கற்பது வேறு, செயலியில் முகபாவப் பொம்மையைத் தட்டுவது வேறு. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' பயிற்சி 2019இல் கையேடாகவும் வெளியானது; தன்னைக் கவனித்துக்கொள்வதற்கென்றே ஒரு பகுதி அதில் உண்டு. எதில் சேர்ந்தாலும் முதலில் கேளுங்கள்: நாங்கள் எழுதுவதை யார் படிப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா, உயிரை விடத் தோன்றுகிறது என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே யார் கூப்பிடுவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் உங்கள் உளைச்சலை எழுத வேண்டாம்.

சாவதைப் பற்றியோ நோயாளியை ஏதாவது செய்துவிடுவது பற்றியோ எழுத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 21 அல்சைமர் நாளுக்கு வழக்கமாக வரும் கட்டுரையோடு, மேலே சொன்ன நான்கு தடவைக் குறிப்பையும் 14416 என்ற எண்ணையும், வயதானவர்களும் படிக்கிற பெரிய எழுத்தில், கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். மறதி நோய் சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகள் விரும்பினால் அதையே அச்சடித்து, நோயாளிக்கான மருந்துச் சீட்டோடு கூட வந்தவர் கையிலும் ஒன்று கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மறதி நோய்ப் பராமரிப்பில் பணியாற்றும் ஆலோசகர்கள்,
சென்னை