கூலண்டைக் கீழே ஊற்றும் முன் ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வண்டிப் பராமரிப்பு பற்றி யார் எழுதினாலும் 'கூலண்ட் (எஞ்சினை ஆற்ற ரேடியேட்டர் வழியாகச் சுற்றும் திரவம்) கலங்கியிருந்தால் உடனே மாற்றுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாற்றுவது சரி, ஏன் கலங்கியது என்று யார் பார்ப்பது? காரணம் தெரியாமல் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினால் கொஞ்ச நாளில் அதே சேறு திரும்ப வந்து நிற்கும். எனக்கு நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 20 வயது தாண்டிய டீசல் கார். ஒருநாள் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், பச்சையாக இருக்க வேண்டிய கூலண்ட் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. மூடியின் ரப்பர் வளையத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டைக் கழற்றிடலாம்" என்றார். பத்து விநாடி கூட ஆகியிருக்காது. (எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.)

எனக்கு மனசு ஒப்பவில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, ஆவியும் கொதிநீரும் முகத்தில் அடிக்கும்) கூலண்டைக் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க ஆட்டாமல் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மூன்று அடுக்கு. அடியில் பொடியாகத் துரு, நடுவில் வெளிறிப்போன பச்சை, மேலே அரை விரல் கனத்துக்குக் கறுப்பு ஆயில். அதாவது வண்டிக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு. துரு வந்தது என் சோம்பேறித்தனத்தால்: கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து சில வருஷங்களில் தீர்ந்துவிடும், நானோ மாற்றாமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயில்தான் கேள்வி.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது, கூலண்ட் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. கூலண்டில் ஆயில் இருக்கிறது, ஆயிலில் கூலண்ட் இல்லை, எப்படி? எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் சாதாரணமாக 3, 4 பார் இருக்கும், ரேடியேட்டர் மூடி பிடித்து வைப்பது சுமார் 1 பார்தான். நடுவே ஓட்டை விழுந்தால் பலமுள்ளது பலமில்லாததற்குள் போகும், அவ்வளவுதான். ஹெட் கேஸ்கெட் வழியாகவும் ஆயில் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் கேஸ்கெட் போனால் பெரும்பாலும் எரிந்த புகையும் கூலண்டுக்குள் புகும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும், ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. இதற்கென்றே ஒரு நீலத் திரவம் விற்கிறார்கள், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றை அதற்குள் இழுத்தால், புகை கலந்திருந்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது. அப்புறம் எஞ்சின் ஆயிலைக் கூலண்டால் ஆற்றும் ஆயில் கூலரைக் கழற்றித் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்று ஏற்றிப் பார்த்தோம், ஒரு மூலையிலிருந்து சரம் சரமாகக் குமிழி. ஹெட்டைத் தொடவே இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பல வண்டிகளில் கியர் ஆயிலை ஆற்றும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும், அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் இளஞ்சிவப்பாகப் பால் மாதிரி திரளும். அதைப் பார்த்த பிறகு 'கடை வரைக்கும் மெதுவா ஓட்டிடலாம்' என்று கிளம்பாதீர்கள். கூலண்டும் கியர் பாக்ஸுக்குள் போயிருக்கலாம், போனால் உள்ளே கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் பட்டையின் பசையையே அது கரைத்துவிடும்.

இன்னொன்று, கட்டி கட்டியாக இருப்பதெல்லாம் ஆயில் இல்லை. கூலண்டின் நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது, பச்சையும் ஆரஞ்சும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம், இரண்டையும் கலந்தால் சில சமயம் கூழாகக் கட்டிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைச் சுத்தமான தண்ணீர் மேல் விட்டுப் பாருங்கள், ஆயில் என்றால் வானவில் நிறத்தில் படலம் விரியும். அதே மாதிரி ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்ததும் பதற வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரம் கூட அப்படிப் படியும்.

மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருந்தால் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பைக் கூலண்டில் மட்டும், உலோகத்தில் படாமல் நனையுங்கள். 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அநேகமாகக் கூலண்டின் ஆயுள் முடிந்துவிட்டது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாட்டிலில் பிடித்ததைக் குழந்தைகள், நாய் பூனை எட்டாத இடத்தில் வைத்து மேலே 'விஷம்' என்று எழுதுங்கள். பல கூலண்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளையே கொல்லும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

என் வண்டியில் கூலண்ட் ஓடும் பாதையை நான்கு முறை கழுவினோம், ஆயில் பட்டு உப்பிப் போன ஹோஸ்களையும் மாற்றினோம். ஐந்தாவது வாரம் மறுபடி மெல்லிசாக ஒரு படலம். பழைய மிச்சமா, புதுக் கசிவா தெரியவில்லை. திரும்பவும் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கார்க்காரன்